வானநீல வோல்கா

"பழைய பெயிண்டை உரிக்காத தம்பி. இருக்கிறதுக்கு மேலயே அடிச்சுக் குடுத்துடு," என்றார் சாதிர்பெக், தன் பழைய வோல்கா காரை என் பெயிண்ட் பட்டறைக்குள் விட்டதும்.

எல்லோரும் சொல்வதுதான். உரித்தால் கூலி ஏறிவிடும் என்ற பயம்.

அவருடைய ஒரே மகன் ஜெனிஷ் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போய் ஒன்பது வருடமாகிறது. உயிரோடு இருக்கிறானா என்றுகூடத் தெரியாது. கிழவர் வெள்ளிக்கிழமைதோறும் ஓஷ் சந்தையை இந்தக் காரில் சுற்றி வருவார். மகன் திரும்பி வந்தால் காரை வைத்தாவது அப்பனைக் கண்டுபிடிப்பானாம். இப்போது துரு ஏறி, நீலம் இருந்த இடமே தெரியவில்லை.

அரை நாள் யோசித்தேன். சாதா எனாமல் பழைய பெயிண்டின் மேலேயே உட்காரும். ஆனால் மங்கலடிக்கும். நைட்ரோ பெயிண்ட் அடித்துத் தேய்த்தால் முகம் பார்க்கலாம். என்ன, அடியில் எனாமல் இருந்தால் அதைப் பாலாடை மாதிரி சுருட்டிவிடும். தகரம் தெரிய உரித்தே ஆகவேண்டும்.

அறுபத்தைந்தாம் வருடத்து வண்டிக்கு எனாமலா? சீ! அப்புறம் நான் எதற்குப் பெயிண்டர்?

நைட்ரோவையே எடுத்தேன். உரித்த கூலியைக் கேட்பதில்லை என்றும் முடிவு செய்தேன். பிள்ளையைத் தொலைத்த மனிதர், பாவம்.

பத்தாம் நாள் வந்தார். பளபளப்பைப் பார்க்கவே இல்லை. நேரே பின்னால் போய் டிக்கி மூடியை உள்ளங்கையால் தடவினார். இடப்பக்கம் தடவினார். மறுபடி வலப்பக்கம்.

"இங்க ஒரு சின்னக் கை பதிஞ்சிருந்துச்சே, தம்பி."



இருந்தது. ஐந்து விரல் பள்ளங்கள். காயாத பெயிண்டில் எந்த மடையன் பிள்ளையை விட்டான் என்று திட்டிக்கொண்டே ஒரு காலைப்பொழுது முழுக்க அதைத்தான் தேய்த்து அழித்தேன்.

"அப்ப நாலு வயசு ஜெனிஷுக்கு. நான் அடிச்ச பெயிண்டைக் கெடுத்துட்டான்னு கன்னத்துல ஒண்ணு விட்டேன்."

 

வேலை முடிந்தால் வண்டிக்காரர் பட்டறைக்காரனை வாழ்த்திவிட்டுப் போவது எங்கள் வழக்கம். சாதிர்பெக் அதையும் தவறவிடவில்லை. இரண்டு கைகளையும் ஏந்தினார்.

"உன் பிள்ளைங்க உன் கண்ணு முன்னாலயே இருக்கட்டும்," என்றார்.