கடலில் எடுத்த மோதிரம்

"இந்தா, இதை இடுப்பிலை செருகிக்கொண்டு இறங்கு. ஏறேக்கை கடலுக்குள்ளை கண்டெடுத்தது மாதிரிக் கொண்டு வா."

கந்தப்பு மோதிரத்தைச் சந்தியோகுவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களையும் தானே மடக்கிவிட்டார். மருமகள் அருந்ததி சந்நிதி முருகன் கோயிலில் கும்பிட்டுவிட்டு வருவதற்குள் இந்தக் கதை முடிந்துவிட வேண்டும். தொண்டைமானாற்றுக் கடற்கரையில் அப்போது அவர்கள் இரண்டு பேரும்தான் நின்றார்கள்.

சங்கு குளிக்கிற சந்தியோகு மடக்கிய கையை விரிக்காமலே அவரைப் பார்த்தான். "ஐயா, அந்தப் பிள்ளையை ஏமாத்தச் சொல்லுறியள்."

"ஓம். ஏமாத்தத்தான் சொல்லுறன்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு விழுங்கிக்கொண்டு மோதிரத்தை இடுப்பில் செருகினான்.

கந்தப்புவுக்கு வேறு வழி இருக்கவில்லை. மகன் சிவநேசன் இந்தியாவுக்குப் போன படகு நேவியின் சூடு பட்டு மூழ்கி ஒரு வருடமாகிறது. ஒருவரும் தப்பவில்லை என்று ஊரே சொல்லியும் அருந்ததி பொட்டை அழிக்கவில்லை. இரவில் அவனுக்கும் சேர்த்துச் சோறு போட்டு மூடி வைத்தாள். கனடாவிலிருந்து அவளுடைய தமையன் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போனான், இந்த மாதத்தோடு அந்த வழியும் அடைபட்டுவிடும்.

போன மாதம் அவள் சந்நிதிக்குத் தனியே போய்விட்டு வெறும் காதோடு திரும்பி வந்தாள். நேர்த்தியாம், தோட்டைக் கழற்றி உண்டியலில் போட்டுவிட்டாளாம். புருசன் வரவேண்டுமென்றுதான் இருக்கும் என்று நினைத்து அவர் வாயை மூடிக்கொண்டார். இருபத்துநாலு வயதுப் பிள்ளை ஒரு செத்த மனிதனுக்காக அந்த வீட்டுக்குள் உக்கிப்போகிறாளே என்று அவருக்குப் பொறுக்கவில்லை.

அவள் மனம் உடைந்துவிடக் கூடாது என்று அவரும் நடித்தார். பின்னேரமானால் புத்தூர்ச் சந்திக்குப் போய், கடைசி பஸ் வரும்வரை மகனை எதிர்பார்ப்பதுபோல நின்றுவிட்டு வருவார். "இண்டைக்கும் வரேல்லைப் பிள்ளை" என்று வந்து சொல்வார்.

கடைசியில் வழியைக் காட்டியது அவளேதான். "படகு கிடக்கிற இடத்தை ஒருத்தரும் போய்ப் பாக்கேல்லையே, மாமா. ஆரும் இறங்கிப் பாத்துச் சொன்னால் நான் நம்புறன்" என்றாள்.

சிலிண்டர் கட்டி இறங்குகிறவர்களைத் திருகோணமலையிலிருந்து கூப்பிடுவதென்றால் தோட்டத்தை விற்றாலும் காணாது. கந்தப்பு வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மிசினைக் கழற்றினார். ரயர்க் கடையில் காற்றடிக்கிற கொம்பிரசரை இரவல் வாங்கி அதோடு பூட்டினார். தோட்டத்துக் குழாய்தான் மூச்சுக் குழாய்.

"உந்தக் குழாயைக் கவ்விக்கொண்டோ இறங்கச் சொல்லுறியள்?" என்று முதலில் சிரித்தவன் சந்தியோகு. பிறகு ஒருதரம் கவ்விப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

மோதிரத்தை மட்டும் புத்தூரில் யாருக்கும் தெரியாமல் மானிப்பாயில் செய்வித்தார். செத்துப்போன மனைவியின் காப்பை அழித்துச் செய்தது. கல்யாணப் படத்தில் மகனின் விரலில் தெரிந்த அதே சிவப்புக் கல் மோதிரம் போலவே பத்தர் செய்து கொடுத்தார்.

நேவிப் படகு காங்கேசன்துறைப் பக்கம் திரும்பிய கையோடு இருவரையும் மிசினையும் ஏற்றிக்கொண்டு வள்ளம் வெளிக்கிட்டது. அருந்ததி கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சந்தியோகு இறங்கிக் கொஞ்ச நேரத்தில் மிசின் இருமத் தொடங்கியது. கந்தப்பு மண்ணெண்ணெய்க் குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சினார், ஊதினார். மிசின் நின்றேவிட்டது.

ஒரு பொய்க்காக ஒருவனைக் கொன்றுவிட்டேனே, முருகா என்று மிசினின் கயிற்றைப் பிடித்து இழு இழு என்று இழுத்தார். உள்ளங்கைத் தோல் கழன்றது. மிசின் அசையவில்லை.

ஒருவழியாகத் தண்ணீருக்கு மேலே தலை தெரிந்தது. சந்தியோகுவின் மூக்கால் இரத்தம் வந்துகொண்டிருந்தது.

"படகு கிடக்குது, ஐயா. உள்ளுக்குள்ளை ஒண்டும் மிச்சமில்லை" என்றான்.

கரைக்கு வந்ததும் அவன் அருந்ததிக்கு முன்னால் கையை விரித்தான். மோதிரத்துக் கல் மானிப்பாயில் பார்த்ததைவிட நன்றாகச் சிவந்திருந்தது. ஈரம் பட்டதாலாக்கும் என்று கந்தப்பு நினைத்தார்.

அருந்ததி மோதிரத்தைப் பார்க்கவில்லை, மாமனாரின் முகத்தையே பார்த்தாள். "அவரின்ரைதான், மாமா" என்றாள். அதைக் கேட்டதும் கந்தப்புவுக்கு நடிக்க வேண்டியே இருக்கவில்லை. ஒரு வருடமாக அடக்கி வைத்த அழுகை பீறிட்டு வந்தது. அவளும் மணலில் இருந்து அழுதாள்.

"இனிச் சந்தியிலை போய் நிக்காதேங்கோ, மாமா. அந்தியேட்டிக் கிரியையைச் செய்து அவரை அனுப்பிவைப்பம்."

"கனடாவுக்கு, கொண்ணனுக்கு எழுதட்டே, பிள்ளை?"

"ஓம், மாமா."

அவள் மோதிரத்தை வாங்கிக்கொண்டு முகம் கழுவ ஆற்றுப் பக்கம் போனாள். கந்தப்பு கண்ணைத் துடைத்துக்கொண்டு வள்ளத்திலிருந்து மிசினை இறக்கக் குனிந்தார். சந்தியோகு இடுப்பைத் தடவி எதையோ எடுத்து அவருடைய கையில் வைத்தான்.

அதே சிவப்புக் கல் மோதிரம்.

"என்ன இது? அப்ப அவளின்ரை கையிலை கிடக்கிறது?"

"அது அந்தப் பிள்ளை போன வெள்ளிக்கிழமை கொண்டந்து தந்தது, ஐயா. மாமா நம்பவேணுமாம்."