சர்ச்சுக்கு வராத குடும்பம்

இந்தக் காலத்து ஜனங்கள் பெண் பார்த்தால் படிப்பைக் கேட்கிறார்கள், வேலையைக் கேட்கிறார்கள்; ஞாயிற்றுக்கிழமை அந்தக் குடும்பம் சர்ச்சுக்குப் போகிறதா என்று ஒருவனும் கேட்பதில்லை. அதனால்தான் தேவசகாயம் வீட்டில் மூச்சு விடாமல், மலேசியாவின் சிகாமட்டிலிருந்து இருட்டோடு பஸ் ஏறி, பேரன் ஷானுக்குப் பேசியிருக்கும் பெண் மெலிசாவின் ஊரான கோத்தா திங்கியில் அவர்களுடைய சர்ச்சுக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். குடும்பம் ஒழுங்காக வந்தால் கல்யாணம், இல்லாவிட்டால் கிடையாது.

"புதுசா வந்தவங்க எழுந்து நில்லுங்க!" என்றார் பாஸ்டர்.

அலமாக்! ஒளிந்து பார்க்க வந்தவரை எழுப்பி நிறுத்திக் கைதட்டினார்கள்.

உட்கார்ந்ததும் பக்கத்து அம்மாளிடம் கேட்டார்: "மெலிசா வீட்டுக்காரங்க எங்கம்மா?"

"இன்னிக்கு வரலையே ஐயா."

"பாத்தீங்களா!"

"சேச்சே, ஒரு வாரம் விட மாட்டாங்க."

"எல்லாரும் அப்படித்தான் லா சொல்வாங்க."

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் கைப்பேசி அலறியது. ஷான்தான்.

"எங்க தாத்தா போயிட்டீங்க? மெலிசா வீட்டுக்காரங்க சொல்லாமக் கொள்ளாம நம்ம சர்ச்சுக்கு வந்துட்டாங்க. பாஸ்டர் எழுப்பி நிக்க வச்சிட்டாரு. மொதல்ல உங்களத்தான் தேடுனாங்க."

"நீ என்னடா சொன்ன?"

"தாத்தா ஒரு வாரம் விட மாட்டாருன்னேன். அவங்க அப்பா நம்பல, சிரிக்கிறாரு."

தேவசகாயம் பஸ் நிலையத்தைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார்.

"ஞாயித்துக்கெழமையும் அதுவுமா சொந்த சர்ச்ச விட்டுட்டு, அடுத்தவன் சர்ச்சுல வேவு பாக்குற குடும்பம்! எனக்கென்னமோ சரியாப் படலடா."