மூன்றாவது சரணம்

அவள் மடியிலிருந்த சும்மாட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மேஸ்திரி திரைக்கு முன்னால் போய் நின்றுவிட்டான்.

படம் ஓடிக்கொண்டிருந்தது. நாயகியின் முகம் பாதி திரையிலும் பாதி அவன் சட்டையிலும் விழுந்தது. அவன் நாயகியைப் பார்க்க வரவில்லை. அங்கே நின்றால் திரை வெளிச்சத்தில் கொட்டகை முழுக்க முகம் தெரியும். எவளெவள் வந்திருக்கிறாள் என்று பார்க்க வந்திருந்தான்.

நேற்றுச் சாயங்காலமே சொல்லியிருந்தான். ஞாயிற்றுக்கிழமையாவது ஒண்ணாவது, நாளைக்குத் தளத்துக்குக் கான்கிரீட். வராதவள் அப்புறம் எப்போதும் வர வேண்டாம்.

எப்போதும் என்றால் எப்போதும்தான். இவன் கழித்துவிட்டால் ஊரில் வேறு மேஸ்திரி சேர்க்கமாட்டான். ஒருத்தனுக்கொருத்தன் போன் போட்டுவிடுவான்கள். ராக்காயிக்கு அப்படித்தான் ஆனது. இப்போது பழைய இரும்பு பொறுக்குகிறாள்.

கட்டடத்தில் இந்நேரம் கலவை மிஷின் வந்து நிற்கும். சட்டி கை மாற்ற ஆள் இருக்காது.

வரிசையெல்லாம் தலை குனிந்தது. சேலைத் தலைப்புகள் முக்காடாக ஏறின.

"குனிடி," என்றாள் பக்கத்திலிருந்த பேச்சியம்மா. "பாத்தான்னா தொலைஞ்சோம்."

"வாரம் பூரா குனிஞ்சது பத்தாதாக்கும்?" என்றாள் அவள்.

பின்பெஞ்சிலிருந்து ஒரு ஆண்குரல் கத்தியது. "யோவ், நீ என்ன ஈரோவா? மறைக்குதுய்யா, தள்ளு!"

சிரிப்பு எழுந்தது. பாதியிலேயே அடங்கியது.

வெளிவந்தபோது ஒரு வாரம்கூட ஓடாத படம். பாட்டுக்கு நடுவில் பாட்டுதான் இருக்கு, கதையைக் காணோம் என்றார்கள். சித்தாள் எங்கேயாவது பாடுவாளா என்று கேட்டார்கள்.

பாடமாட்டாள். மூச்சு இருந்தால்தானே.

பொய்ப் படம்தான். அது இவர்களுக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. நாயகி தலையில் இருப்பது காலிச் சட்டி. கழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. உள்ளங்கையில் ஒரு காய்ப்பு இல்லை. சாரத்தில் குதிகால் செருப்போடு ஏறுகிறாள். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

ஆனாலும் இந்தக் கொட்டகையில் வருசத்துக்கு ஒரு வாரம் அதைப் போடுகிறார்கள். ஆனாலும் கூட்டம்.

ஒரு பாட்டுக்காக.

மூன்றாவது சரணத்தில் நாயகி சட்டியைக் கீழே போடுவாள். தலையிலிருந்து சும்மாட்டை உருவுவாள். "எந்தலை எனக்கே" என்று பாடி, மேலேயிருந்து வீசுவாள்.

அது மட்டும் பொய் இல்லை.

அந்த நேரம் கொட்டகையிலிருக்கிற பெண்கள் அத்தனை பேரும் தங்கள் சும்மாட்டைத் திரை மேல் எறிவார்கள். யார் தொடங்கிய பழக்கமோ. வேலைக்குக் கொண்டுபோகும் அதே பழந்துணிச் சுருள். சிமெண்டு ஏறி மொரமொரவென்று காய்ந்திருக்கும்.

மேஸ்திரிக்கு இது தெரியாது. இந்தப் படத்தை அவன் பார்த்ததில்லை.

பாட்டு தொடங்கியது.

முதல் சரணத்துக்குக் கைதட்டல் இல்லை. இரண்டாவதுக்குக் குலவை இல்லை. அவன் கண் வரிசை வரிசையாக நகர்ந்தது. உதடு அசைந்தது. பேர் சொல்லிப் பார்க்கிறான்.

மூன்றாவது.

சட்டி விழுந்தது.

எந்தலை எனக்கே.

ஒரு சும்மாடும் பறக்கவில்லை.

அவள் எழுந்தாள். எறிந்தாள்.

துணி பிரிந்துகொண்டே போனது. மேஸ்திரியின் தோளில் பட்டுக் காலடியில் விழுந்தது. சட்டையில் சாம்பல் நிறமாக ஒரு தடம்.

அவன் அவளைக் கண்டுகொண்டான். அவள் உட்காரவில்லை.

பாட்டு முடிந்தது.

"ஒன்ஸ்மோர்!"

பின்பெஞ்சுக்காரன்தான். இந்தப் பாட்டுக்கு மட்டும் யார் கேட்டாலும் ஆபரேட்டர் மறுக்கமாட்டான். அதுவும் பழக்கம். திரை இருண்டது. மறுபடி சாரம் வந்தது. குதிகால் செருப்பு வந்தது.

எறிய அவளிடம் ஒன்றும் இல்லை.

வரிசையை விட்டு வெளியே வந்தாள். பேச்சியம்மா சேலையைப் பிடித்தாள். இவள் உருவிக்கொண்டாள். நடுப்பாதையில் இறங்கினாள். சாரத்துப் பலகையில் நடக்கிற மாதிரி, கீழே பார்க்காமல் நடந்தாள்.

மேஸ்திரி அதற்குள் குனிந்து சும்மாட்டை எடுத்திருந்தான்.

"நாளையிலருந்து நீ..." என்றான்.

மீதியைப் பாட்டு விழுங்கிவிட்டது.

"தெரியும்." அவள் கையை நீட்டினாள். "அதக் குடுங்க மேஸ்திரி. மூணாவது சரணம் வந்துரும்."

அவன் கொடுக்கவில்லை.

அவள் கையை இறக்கவில்லை.

முதல் சரணம் போனது. இரண்டாவது தொடங்கியது. திரை வெளிச்சம் அவள் நெற்றியிலும் கன்னத்திலும் அடித்தது. முக்காடு போடவில்லை.

எங்கோ பின்னால் யாரோ ஒருத்தி எழுந்ததில் ஒரு நாற்காலி பட்டென்று மடங்கியது.

இன்னொன்று.

அப்புறம் எண்ண முடியாதபடிக்கு.

மேஸ்திரியின் கண் அவளை விட்டு அவளுக்குப் பின்னால் போனது.