வகுப்பின் பின்பாதி

பாதிப் பேரைத் தரையில் உட்காரச் சொன்னதும் வகுப்பே சிரித்தது.

ஆசிரியர் பயிற்சிக்கு வந்தவர்கள் நாங்கள். கல்வியில் ஏற்றத்தாழ்வு என்பதைப் புத்தகத்தில் படித்தால் கொட்டாவிதான் வரும், இன்றைக்கு அனுபவித்தே பாருங்கள் என்றார் எங்கள் விரிவுரையாளர். சீட்டுக் குலுக்கினார். எனக்கு முன்பாதி விழுந்தது. என் தங்கைக்குப் பின்பாதி.

தங்கை என்றால் ஒரே பிரசவத்தில் என் பின்னாலேயே வந்தவள். மூளையை எல்லாம் நானே அள்ளிக்கொண்டு முதலில் வந்துவிட்டேன் என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். எந்தத் தேர்விலும் தட்டுத்தடுமாறித்தான் கரையேறுவாள்.

முன்பாதிக்கு நாற்காலி, மின்விசிறி, ஆளுக்கொரு வண்ண அட்டை. பின்பாதிக்கு வெறும் தரை, எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு கிழிந்த அட்டை. பாடம் மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். விரிவுரையாளர் தானே உட்கார்ந்து உருவாக்கிய புது எழுத்துகள். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. நாங்கள் எல்லோரும் மறுபடி ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஆகிவிட்டோம்.

எங்கள் பக்கம் அவர் ஒவ்வொரு எழுத்தாகக் கையைப் பிடிக்காத குறையாகச் சொல்லிக்கொடுத்தார். தப்பாகச் சொன்னவரையும் தட்டிக்கொடுத்தார். பின்பக்கம் ஒரு முறை போய், சத்தம் போடாதீர்கள் என்று அதட்டிவிட்டு வந்தார். அங்கே முக்கால்வாசிப் பேர் கைபேசியை நோண்டிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு தேர்வு. புது எழுத்தில் இருந்த சில வரிகளை நம் எழுத்தில் மாற்றி எழுத வேண்டும்.

முன்பாதியில் நான்தான் முதல். அதிலும் ஒரு பிழை. பின்பாதியில் அநேகமாக எல்லோருக்கும் முட்டை. என் தங்கையின் தாளில் மட்டும் ஒரு பிழைகூட இல்லை.

விரிவுரையாளரின் முகம் மாறியது. தாளை இன்னொரு முறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

இந்தப் பயிற்சிக்கும் மதிப்பெண் உண்டு. காப்பியடித்து மாட்டிக்கொண்டால் பெயரை அடித்துவிடுவார்கள். போன பருவத்தில் ஒருவரை அப்படித்தான் மூட்டை கட்டி அனுப்பினார்கள். நான் எதையும் காட்டவில்லை. ஆனால் எப்படியோ பார்த்து எழுதியிருக்கிறாள் என்றுதான் நானும் நினைத்தேன். கூடப்பிறந்தவனே அப்படி நினைத்தால் மற்றவர்களைச் சொல்ல என்ன இருக்கிறது.

"உண்மையைச் சொல்லும்மா. உங்க அண்ணன் காட்டினாரா?"

இல்லை என்று தலையாட்டினாள். நாற்காலிகளுக்கு நடுவில் இருந்த இடுக்கைக் காட்டினாள். அங்கே நகர்ந்து உட்கார்ந்தால் கரும்பலகையின் ஓரம் தெரியுமாம். தெரியாததைக் காதில் வாங்கிக்கொண்டாளாம். தரையில் விரலால் எழுதி எழுதிப் பழகினாளாம்.

விரிவுரையாளர் நம்பவில்லை. கரும்பலகையில் வேறு வரிகளை எழுதிப் படிக்கச் சொன்னார். அவள் கடகடவென்று படித்தாள். நானாக இருந்தால் எழுத்துக் கூட்டித்தான் படித்திருப்பேன்.

அவர் தாளில் முழு மதிப்பெண் போட்டார். மற்ற நாளெல்லாம் வாயே திறக்காத பெண்ணா இது என்று ஆச்சரியப்பட்டார்.

"இன்னைக்குத்தான் மேடம் பயமில்லாம இருந்துச்சு. எங்க ஸ்கூல் மாதிரியே இருந்துச்சு."

அந்தப் பள்ளி எந்தக் காட்டுக்குள் இருந்தது என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார். எங்கள் வீட்டுத் தெருமுனையில் என்றாள்.

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின.

அவள் தெருதான் என் தெருவும். என்னை வேனில் ஏற்றித் தூரத்துப் பள்ளிக்கு அனுப்பினார்கள். இரண்டு பேரையும் அனுப்ப வசதியில்லை என்று அவளைத் தெருமுனையில் சேர்த்தார்கள். அந்தப் பள்ளிக்குள் நான் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. பள்ளி என்றால் எல்லாம் பள்ளிதானே என்று இருந்துவிட்டேன்.

எல்லா வகுப்புகளுக்கும் ஒரே சார்தானாம். பெரிய வகுப்புக்குத் தேர்வு இருக்கிறது என்று அவர்களை மட்டும் முன்னால் வைத்து நடத்துவாராம். மற்றவர்கள் பின்னால் தரையில் சத்தம் போடாமல் இருக்க வேண்டுமாம். பஸ் எங்கே நிற்கும் என்று வழி சொல்வதுபோல் இதையெல்லாம் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போனாள். இத்தனை வருடமும் ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிட்டவள், இதில் ஒரு வார்த்தை என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அப்படியானால் எழுதப் படிக்க யார்தான் சொல்லிக்கொடுத்தார்கள் என்று விரிவுரையாளர் கேட்டார்.

அவள் என்னைக் கைகாட்டினாள்.

"அண்ணன்தான் மேடம். சாயங்காலம் டீச்சர் விளையாட்டு விளையாடுவோம். அவன் டீச்சர், நான் புள்ளை. அவனுக்கு அன்னைக்கு நடத்தினதை அப்படியே நடத்துவான். நல்லா நடத்துவான் மேடம். சலிச்சுப்போச்சுன்னா பாதியிலேயே பந்து விளையாட ஓடிடுவான், அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாள்.

நாங்கள் விளையாடிக்கொண்டிருந்தோம் என்றுதான் அந்த நிமிடம்வரை நான் நினைத்திருந்தேன்.