துக்கம் கரைக்கும் முகாம்

தோப்பில் முகாம் நடந்தது. தலையில் இறகு செருகிய குரு கண்மூடி மேளம் தட்ட, அவருடைய சிஷ்யை ஒவ்வொருவரிடமும் துக்கத்தை விசாரித்து வந்தாள்.

கடைசியாக நின்ற பெண் சொன்னாள்: “புருஷன் போய் நாலு வருஷமாச்சு. ரெண்டு பிள்ளைங்க. தையல் வேலைதான் சோறு போடுது.”

“இழப்புதாம்மா ஆன்மாவ வளர்க்கும். இந்த மரத்தக் கட்டிப்பிடிச்சு அழுங்க. அவர் காத்தா, இலையா உங்களச் சுத்திதான் இருக்காரு.”

“இலையாவெல்லாம் இல்ல,” என்று அவள் குரலை உயர்த்தினாள். “அதோ, கோழி இறகோட உக்காந்திருக்காரு.”

மேளம் நின்றது. குரு கண்ணைத் திறந்தார். எந்தப் பக்கம் ஓடுவதென்று பார்த்தார்.

“பயப்படாதீங்க, வீட்டுக்குக் கூப்பிட வரல.” அவள் பையிலிருந்து விவாகரத்துத் தாளை எடுத்து நீட்டினாள். “இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. எனக்கு வேற நல்ல வரன் வந்திருக்கு.”