உன் முறை வரும்

"கையை ஆட்டாதே தம்பி. உன் முறை வரும், அப்பப் பேசு" என்றார் அண்ணன்.

அலுவலகத்தில் பெரிய கூட்டத்தையே மேய்ப்பவர் அவர். குடும்ப விஷயத்தையும் மீட்டிங் மாதிரிதான் நடத்துவார். வீடியோ காலில் எல்லோருடைய மைக்கையும் அடைத்துவிட்டு, யார் பேச வேண்டுமோ அவருக்கு மட்டும் திறந்துவிடுவார். அண்ணன் ஒரு நாட்டில், தங்கை இன்னொரு நாட்டில். அம்மாவை வைத்துக்கொண்டு கடைக்குட்டித் தம்பி ஊரில்.

தம்பி போன வாரமே சொல்லியிருந்தான். அம்மா குளியலறையில் மறுபடியும் வழுக்கி விழுந்துவிட்டாள். அவனும் மனைவியும் வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுக்க அம்மா தனியாகத்தான் கிடக்க வேண்டும். இரண்டு பேரில் யாராவது கொஞ்ச நாள் அழைத்துப்போய் வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சாத குறை.

அண்ணன் தன் வீட்டுச் சங்கடங்களை எல்லாம் அடுக்கி முடித்துவிட்டு, தங்கையின் மைக்கைத் திறந்தார்.

"நீ சொல்லும்மா. உன்கிட்ட வரப்போறதா அம்மா எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்காங்களாமே?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அம்மா பக்கத்துல இல்லையே?"

"தம்பிக்குப் பின்னால பாரு, ரூம் கதவு சாத்தியிருக்கு. உள்ள படுத்திருப்பாங்க. நீ அனுப்பின காது மெஷின் எவ்வளவு ஒசத்தியா இருந்தாலும் சுவரைத் தாண்டியெல்லாம் கேக்காது. தைரியமாச் சொல்லு."

தம்பி போனை உலுக்கினான். மறுபடியும் கையை ஆட்டினான். அவனுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவன் முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

"விசாவுக்கு நான் இன்னும் விண்ணப்பமே போடலைண்ணா."

ஒவ்வொரு தடவை பேசும்போதும் அம்மா விசா வந்துவிட்டதா என்று கேட்பாள். வந்துடும்மா, இதோ வந்துடும் என்று இவளும் வாய் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். மகளுடைய ஊரில் குளிர் அதிகம் என்று கேள்விப்பட்டு, அம்மா ஒரு கம்பளிச் சட்டை வாங்கிப் பெட்டியில் மடித்து வைத்திருந்தாள். அதை வீடியோவில் தூக்கிக் காட்டியபோது, நிறம் உனக்கு எடுப்பா இருக்கும்மா என்று சொன்னவளும் இவள்தான்.

இப்போது தன் சின்ன வீட்டைப் பற்றியும் கணவரின் முகச்சுளிப்பைப் பற்றியும் சொன்னாள். சொல்லச் சொல்ல உடம்பே கூசியது. ஆனாலும் வாய் நிற்கவில்லை.

"அம்மா வந்தா நான் வேலையை விடணும். என்னால முடியாதுண்ணா. பேசாம முதியோர் இல்லத்துலயே சேத்துடலாம். விசா வர்ற வரைக்கும்தான்னு சொல்லிடுவோம். நான் சொன்னா அவங்க எதையும் நம்புவாங்க."

அதற்காகவே காத்திருந்தவர் போல அண்ணன் சரி என்றார். நல்ல இல்லமாக ஒன்றை ஏற்கெனவே பார்த்து வைத்திருப்பதாகவும் சொன்னார். அவளுக்கு அப்பாடா என்று இருந்தது. அப்படி இருந்ததற்காகத் தன்னைத்தானே அறைந்துகொள்ளலாம் போலவும் இருந்தது.

ஒருவழியாக அண்ணன் தம்பியின் மைக்கைத் திறந்தார். "இப்பச் சொல்லுடா. உனக்குச் சம்மதமா?"

மைக் திறந்ததைப் பார்த்ததும் தம்பி படபடவென்று பொரிந்தான். "எதுக்குண்ணா என் மைக்கை அடைச்சீங்க? ஆரம்பத்துலேருந்து இங்க சத்தமே வரல. அதைச் சொல்லத்தான் கையை ஆட்டினேன். காலையில அம்மாவோட காது மெஷினை இந்த போன்ல ப்ளூடூத் வழியா கனெக்ட் பண்ணினேன், அதுலேருந்தே இப்படித்தான். என்ன பேசினீங்க?"

அவனுக்குப் பின்னால் கதவு திறந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்து நின்றாள் அம்மா. கையில் அந்தக் கம்பளிச் சட்டை இருந்தது.

"நீ அனுப்பின மெஷின் ரொம்ப நல்லா இருக்கு கண்ணு. ஒவ்வொரு வார்த்தையும் நீ பக்கத்துல உக்காந்து பேசின மாதிரியே கேட்டுச்சு" என்றாள். "அண்ணன் பார்த்து வச்சிருக்கிற இடத்துல அவ்வளவு குளிராது இல்ல? அப்ப இந்தச் சட்டையைப் பெட்டியிலேருந்து எடுத்துடறேன்."