வைக்கோலுக்குக் கோழி

சந்தை வாசலில் தொங்கும் கரும்பலகையில் கோழி விலையை உள்ளங்கையால் அழித்துவிட்டு மறுபடி எழுதுகிறார் குத்தகைக்காரர். இன்னும் இறங்கியிருக்கிறது. அதற்குக் கீழே வைக்கோல் விலை ஏறியிருக்கிறது. மழை பொய்த்துப்போனதில் எல்லாருமே கோழியை விற்று வைக்கோல் வாங்கத்தான் வந்திருக்கிறார்கள். முட்டை விலையை மட்டும் யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. தகரக் கூரையின் ஓட்டைகள் வழியே வெயில் வட்டவட்டமாக விழ, கால் கட்டிய கோழிகளோடு வரிசையின் முன்னால் ஒரு கணவனும் மனைவியும் நிற்கிறார்கள். வியாபாரி கோழியை உடனே தராசில் மாட்டுவதில்லை. கழுத்துக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறார்.

"தீனிப்பை கல்லாட்டம் இருக்கே. எடை கூடட்டும்னு முட்ட முட்டப் போட்டுக் கொண்டாந்திருக்கீங்க. இதக் கழிச்சுட்டுத்தான் விலை."

"நாங்க எதுவும் போடலைங்க. வீட்ல போடறதுக்கு என்ன கெடக்கு?" என்கிறாள் அவள். கணவன் பலகையையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

வியாபாரி கோழியைத் தலைகீழாகத் தூக்குகிறார். அலகிலிருந்து நனைந்த தவிடு வழிந்து, தடுக்க நீட்டிய அவள் கையில் விழுகிறது. அவளுக்கு அந்த வாசனை தெரியும்.

"சினைமாட்டுக்குன்னு வச்சிருந்ததுல்ல இது?"

"கூட ஒரு கட்டு வைக்கோல் வாங்கலாம்னு பார்த்தேன்," என்கிறான் அவன், பலகையிடம் சொல்வதுபோல.

"அடுத்தது," என்கிறார் வியாபாரி. அவள் இரண்டாவது கோழியை இடது கையால் நீட்டுகிறாள். வலது கையை உதறவில்லை. தவிட்டின் மேல் விரல்களை இறுக மூடிக்கொண்டிருக்கிறாள்.